இடது பை

உரக்கடை மாடியில்
யூரியா நெடிக்கு நடுவே பதினோரு பேர்.
நாற்காலி ஒன்பதுதான்.
நானும் மாதேசனும் மூட்டைமேல் உட்கார்ந்தோம்.

நசீமா மேடத்துக்கு இருபத்தாறு வயது இருக்கும்.
"இதுவரை விட்ட வேலை எத்தனை?" என்றார்.
கல் குவாரி, மாங்கூழ் ஃபேக்டரி, ஓசூரில் வாட்ச்மேன்,
ராயக்கோட்டை மண்டியில் தக்காளி இறக்கினது.
ஏழு வரை எண்ணினேன்.
"விட்டதா, விரட்டினதா?"
இரண்டும் ஒன்றுதானே என்றேன்.
அவர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார்.

கோபம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால்
உடம்பில் எந்த இடம் முதலில் சூடாகும் என்று
என்னை யாரும் கேட்டதில்லை.
கேட்டதும் தெரிந்துவிட்டது: காதுமடல்.
நாற்பத்தொரு வருஷமாக என்னோடு இருக்கிற காது.
மாதேசனுக்கு வயிறு.
குப்பம்மாளுக்கு எதுவும் சூடாகாதாம்.
"வெறும் தூக்கந்தான் வருது மேடம்."
அதையும் எழுதிக்கொண்டார்.

ஒரு நாள் குப்பம்மாள் எழுந்து கேட்டாள்:
"மூணு குழுக்கடன். வாராவாரம் வெள்ளிக்கிழமை
பல்லைக் கடிச்சிக்கினு கட்டுறேன்.
எனக்கா கட்டுப்பாடு இல்ல?"
மின்விசிறி மட்டும் சுற்றியது.
"இருக்கு" என்றார் மேடம்.
"மொத்தத்தையும் வெள்ளிக்கிழமையே செலவு பண்ணிடறீங்க.
திங்கக்கிழமைக்கு மிச்சம் இல்ல."
அது பதில்தானா என்று எனக்கு இன்னும் தெரியாது.
குப்பம்மாள் உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு "ஆல்" வந்தது.
எங்களுக்குத் தெரிந்த ஆல் எல்லாம் அடுத்தவர் கையில்:
மழை பெய்தால். மேஸ்திரி கூப்பிட்டால். லாரி வந்தால்.
மேடம் ஆளுக்கொரு தாள் தந்தார்.
கமாவுக்கு முன்னால் இருப்பது அவங்களோடது,
பின்னால் இருப்பது உங்களோடது என்றார்.

நான் சொன்னேன்:
என்னைவிடச் சின்னவன் என்னை "டேய்" என்றால்,
கை வைக்க மாட்டேன்.
"செய்ய மாட்டேங்கறத விடுங்க.
என்ன செய்வீங்கன்னு சொல்லுங்க."
யோசிக்க ஒரு டீ ஆனது.
"டேய்" என்றால்,
இடது பையிலிருக்கும் ஐந்து புளியங்கொட்டையை
ஒவ்வொன்றாக வலது பைக்கு மாற்றுவேன்.

எல்லாரும் சிரித்தார்கள்.
மாதேசன்தான் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பழக்கினான்,
டீக்கடையில், பஸ் ஸ்டாண்டில்,
ஒரு தடவை என் மாமனார் வீட்டு வாசலில்.
முதல் வாரம் இரண்டாவது கொட்டையிலேயே கை நின்றுவிடும்.
மூன்றாவதற்குப் போகப் பதினெட்டு நாள்.

கடைசி வகுப்பில் மேடம் சொன்னார்,
மார்ச்சோடு இந்தத் திட்டம் முடிகிறது,
அவரும் வேலை தேடவேண்டும்.
அவருக்கு எங்கே சூடாகும் என்று
நாங்கள் கேட்டுவைக்கவில்லை.

போச்சம்பள்ளி சிப்காட்.
மத்தூர் கூட்டுரோட்டில் கம்பெனி வேன் ஐந்து இருபதுக்கு.
நாலே முக்காலுக்கே நின்றேன், நாய்களோடு.

கேட்டில் செக்யூரிட்டி பையைத் துழாவினார்.
"இன்னாய்யா இது?"
புளியங்கொட்டை.
"வெளிப்பொருள் உள்ள போவக்கூடாது."
தாளில் இதற்கு ஆல் இல்லை.
அவருடைய தகர டப்பாவில் ஐந்தையும் போட்டேன்.
ஐந்து சத்தம்.

பதினொன்றே காலுக்கு, அட்டைப்பெட்டி வரிசையில்:
"டேய், தலைகீழா வைக்கிற!"
மீசை சரியாக முளைக்காத முகம்.
காதுமடல்.
கை தானாக இடது பைக்குள் போனது.
உள்ளே நூல்பிசிறும் கொஞ்சம் பீடித்தூளும்.
இல்லாத கொட்டை ஒன்றை எடுத்து
வலதுக்கு மாற்றினேன்.
இரண்டு. மூன்று.
என்ன எடுக்கப் போகிறேனோ என்று
அவன் ஒரு அடி பின்னால் போனான்.
நாலு.

ஐந்து.
"பேரு திம்மராயன், சார்" என்றேன்.
பெட்டி நிஜமாகவே தலைகீழாகத்தான் இருந்தது.
திருப்பி வைத்தேன்.

சாயங்காலம் டப்பாவைத் திறந்து நீட்டினார் செக்யூரிட்டி.
மூன்று இருந்தது.
நான் போட்டது ஐந்து.
அவருடைய இடது கை
பேன்ட் பையை விட்டு வெளியே வரவேயில்லை.
வேன் ஹாரன் அடித்தது.
கேட்காமல் ஏறிக்கொண்டேன்.